பருத்தி நாரும் உணவுச் சேர்க்கையும்: செல்லுலோஸைத் தமிழில் பெயரிடுதல்

ஆய்வுச் சுருக்கம்

தாவரச் செல்சுவரின் முதன்மைக் கூறாகிய செல்லுலோஸ், இன்று பொட்டல உணவுகளில் நிலைப்படுத்தியாகவும் கெட்டிப்படுத்தியாகவும் நார்ச்சத்தாகவும் சேர்க்கப்படுகிறது. இதனைப் பற்றிய தமிழ்ப் பொதுவழக்கில் இரண்டு சொற்கள் மேலோங்கி நிற்கின்றன. ஒன்று 'நார்ச்சத்து'; மற்றொன்று 'மரத்தூள்'. முன்னது சேர்க்கைப்பொருளைச் சத்தாக உயர்த்துகிறது. பின்னது அதனைக் கலப்படமாகத் தாழ்த்துகிறது. செல்லுலோஸின் வேதி அமைப்பு, தயாரிப்பு முறை, உணவில் அது ஆற்றும் பணி, நலவாழ்வு குறித்த ஆய்வு முடிவுகள், இந்திய உறைக்குறிப்புச் சட்டம் ஆகியவற்றை விளக்கி, இவ்விரு சொற்களும் பொருளின் உண்மை நிலையை உணர்த்தப் போதா என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. இயல்நார், பிரிநார், திரிநார் என்னும் முப்பகுப்பையும் முன்மொழிகிறது.

திறவுச்சொற்கள்: செல்லுலோஸ், நார்ச்சத்து, உணவுச் சேர்க்கைப்பொருள், உறைக்குறிப்பு, பருத்தி, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

சென்னையின் மேற்கே, ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடைப்பட்ட சாலையில் அமைந்துள்ள ஊர் பருத்திப்பட்டு. 'பட்டு' என்னும் ஈறு தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்கள் பலவற்றில் பயின்று வருவது. இப்பெயரின் முற்பகுதி ஒரு பயிரின் பெயராக நிற்கிறது. ஊர்ப்பெயரின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் அப்பெயரில் நிற்கும் பருத்தியே இக்கட்டுரையின் பொருளுக்கு வாயிலாக அமைகிறது. ஏனெனில் இயற்கையில் கிடைக்கும் செல்லுலோஸின் மிகத் தூய வடிவம் பருத்தி நாரேயாகும்.

பருத்தியை உடுக்கும் பொருளாகவே தமிழ் மரபு பெரிதும் அறிந்திருக்கிறது. சங்க இலக்கியம் பருத்தி நூற்கும் பெண்டிரைக் குறிப்பிடுகிறது. ஆனால் இன்று அதே நாரின் மூலப்பொருள், வேதிமுறையில் பதப்படுத்தப்பட்டு, ஐஸ்கிரீம், பேக்கரிப் பண்டங்கள், சாஸ் வகைகள், மாத்திரைகள் எனப் பலவற்றின் வழியே உணவாகவும் உட்செல்கிறது. பருத்திப்பட்டிலோ பூந்தமல்லியிலோ உள்ள ஒரு மளிகைக் கடையில் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துப் பார்ப்பவர், அதன் உறையில் 'நிலைப்படுத்தி' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் அதையடுத்து 466, 412 போன்ற எண்களையும் காணக்கூடும். அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன, அப்பொருள் எங்கிருந்து வருகிறது, அது உடலுக்கு நலமா தீங்கா என்னும் வினாக்களுக்குத் தமிழில் தெளிவான விடை எளிதில் கிடைப்பதில்லை. இவ்விடைவெளியை அச்சமூட்டும் செய்திகளும் விளம்பரங்களும் நிரப்புகின்றன. ஆகவே முதலில் பொருளை விளக்கி, பின்னர் அதற்குரிய சொல்லை ஆராயும் முறையை இக்கட்டுரை மேற்கொள்கிறது.

1. செல்லுலோஸ்: அமைப்பும் இயல்பும்

பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயன் 1838-இல் பல்வேறு தாவரத் திசுக்களிலிருந்து ஒரே தன்மையுடைய நார்ப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கே செல்லுலோஸ் என்னும் பெயர் வழங்கலாயிற்று. உலர்ந்த பருத்தி நாரில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதி செல்லுலோஸ் ஆகும். மரத்தில் அதன் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு. எஞ்சிய பகுதி ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் முதலியவற்றால் ஆனது.

செல்லுலோஸும் அரிசியில் உள்ள மாவுப்பொருளும் ஒரே மூலக்கூறான குளுக்கோஸின் தொடர்களே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அக்குளுக்கோஸ் அலகுகள் கோக்கப்பட்டிருக்கும் முறையில் உள்ளது. மாவுப்பொருளில் ஆல்ஃபா வகைப் பிணைப்பும் செல்லுலோஸில் பீட்டா வகைப் பிணைப்பும் அமைந்துள்ளன. ஆல்ஃபா பிணைப்பால் மாவுப்பொருளின் தொடர் சுருண்டு நிற்கிறது. பீட்டா பிணைப்பால் செல்லுலோஸின் தொடர் நேராக நீள்கிறது. நேரான தொடர்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகுவதால் உறுதியான இழைகள் உருவாகின்றன. வேட்டி கிழியாமல் தாங்குவதற்கும் பருத்தி நார் நீரில் கரையாமைக்கும் இந்த இறுக்கமே காரணம்.

மனித உடலில் சுரக்கும் நொதிகள் ஆல்ஃபா பிணைப்பை அறுக்க வல்லவை. செல்லுலோஸின் பீட்டா பிணைப்பை அறுக்கும் நொதி மனித உடலில் சுரப்பதில்லை. ஆகவே சோறு செரிக்கிறது. செல்லுலோஸ் சிறுகுடலைச் செரிக்காமலே கடந்து செல்கிறது. மாடு வைக்கோலைத் தின்று வாழ்வதும் அதன் சொந்த நொதியால் அன்று. அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் செல்லுலோஸைச் சிதைப்பதால்தான். இதிலிருந்து ஓர் அடிப்படை உண்மை பெறப்படுகிறது. செல்லுலோஸ் உண்பது மனிதருக்குப் புதிதன்று. கீரை, வாழைத்தண்டு, முருங்கைக்காய், கொத்தவரங்காய் ஆகிய ஒவ்வொன்றையும் உண்ணும்போது செல்லுலோஸையும் உடன் உண்கிறோம். புதியது, அது உணவிலிருந்து தனித்துப் பிரிக்கப்பட்டு மீண்டும் வேறோர் உணவில் சேர்க்கப்படுவதே.

2. நாரிலிருந்து சேர்க்கைப்பொருளாக

மதுரைப் பகுதியில் பெயர் பெற்ற பருத்திப்பாலைத் தயாரிக்கும் முறை ஈண்டுக் கருதத்தக்கது. பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து பாலை மட்டும் எடுத்துக்கொள்வர். பஞ்சிழை ஒட்டிய தோல் சக்கையாக நீக்கப்படும். பாலுடன் வெல்லம் அல்லது கருப்பட்டி, சுக்கு, ஏலம் முதலியன சேர்த்துக் காய்ச்சுவர். கொட்டையின் மேல் ஒட்டியிருக்கும் அந்தக் குறும்பஞ்சிழை 'லின்டர்' எனப்படுகிறது. நெடிய பஞ்சைப் பிரித்தெடுத்த பின்னும் விதையில் எஞ்சி நிற்பது அது. நூற்பதற்கு அது பயன்படாது. ஆனால் செல்லுலோஸ் தொழிலுக்கு உயர்தர மூலப்பொருள் அதுவே. மரக்கூழும் இத்தொழிலின் மற்றொரு பெரும் மூலம். சமையலறையில் சக்கையென ஒதுக்கப்படும் பகுதி ஆலையில் விலைபெறும் பொருளாகிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதற்கும் அடிப்படை இதே செல்லுலோஸ்தான்.

உணவில் பயன்படும் செல்லுலோஸ் வகைகளை மூன்றாகக் கொள்ளலாம்.

முதலாவது, தூளாக்கிய செல்லுலோஸ். மரக்கூழ் அல்லது பஞ்சிழையைத் தூய்மை செய்து அரைத்துப் பெறுவது. இதில் செல்லுலோஸின் வேதி அமைப்பு மாறுவதில்லை.

இரண்டாவது, நுண்படிகச் செல்லுலோஸ். தூய செல்லுலோஸை நீர்த்த அமிலத்தில் சூடாக்கும்போது ஒழுங்கற்ற பகுதிகள் கரைந்து நீங்க, ஒழுங்காக அடுக்கப்பட்ட நுண்படிகங்கள் எஞ்சுகின்றன. 1950-களில் அமெரிக்காவில் ரேயான் தொழிலைச் சார்ந்த ஆய்வின்போது இது கண்டறியப்பட்டது. மாத்திரைகளை அழுத்தி உருவாக்குவதில் இன்று இதன் பங்கு மிகப் பெரிது. இதிலும் குளுக்கோஸ் தொடரின் அடிப்படை மாறுவதில்லை. தொடரின் நீளம் மட்டுமே குறைகிறது. பன்னாட்டு எண் முறையில் இவ்விரண்டும் 460 என்னும் எண்ணின் இரு பிரிவுகளாக அடங்கும்.

மூன்றாவது, வேதிமாற்றம் செய்யப்பட்ட செல்லுலோஸ். செல்லுலோஸை எரிகாரத்தில் ஊறச் செய்து மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்துடன் வினைபுரியச் செய்தால், குளுக்கோஸ் அலகுகளில் கார்பாக்சிமெத்தில் தொகுதிகள் இணைகின்றன. இதன் விளைவாகக் கிடைப்பதே 466 என்னும் எண்ணுடைய கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். இணைந்த தொகுதிகள் தொடர்களை ஒன்றையொன்று விலக்குவதால் ஹைட்ரஜன் பிணைப்பின் இறுக்கம் குலைகிறது. நீரில் கரையாத பருத்தி, நீரில் கரைந்து கூழாகும் பொருளாக மாறிவிடுகிறது. மெத்தில் செல்லுலோஸ் (461), ஹைட்ராக்சிபுரொப்பில் மெத்தில் செல்லுலோஸ் (464) ஆகியனவும் இவ்வகையினவே.

முதலிரு வகைகளும் மூன்றாம் வகையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கரைதன்மையில் இவை எதிரெதிர் முனைகளில் நிற்கின்றன. 'செல்லுலோஸ்' என்னும் ஒரு சொல்லால் அனைத்தையும் குறிப்பின் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

3. உணவில் ஆற்றும் பணி

சேர்க்கைப்பொருள் ஒன்றை மதிப்பிட அதன் பணியை அறிதல் இன்றியமையாதது. துருவிய பாலாடைக்கட்டியில் தூளாக்கிய செல்லுலோஸ் ஈரத்தை உறிஞ்சித் துருவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிபடாமல் காக்கிறது. கொழுப்புக் குறைத்த சாஸ் வகைகளில் நுண்படிகச் செல்லுலோஸ் கொழுப்பின் வழவழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. மெத்தில் செல்லுலோஸின் இயல்பு வியப்புக்குரியது. பல கூழ்கள் குளிர்ந்தால் இறுகும். இதன் கரைசலோ சூடாக்கினால் இறுகிக் குளிர்ந்தால் இளகும். தாவரப் புரதத்தால் செய்யப்படும் இறைச்சி போன்ற உணவுகள் சட்டியில் உதிராமல் நிற்பதற்கு இவ்வியல்பு உதவுகிறது.

ஐஸ்கிரீமில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் ஆற்றும் பணி நம் தட்பவெப்பத்தோடு நேரடித் தொடர்புடையது. ஐஸ்கிரீமில் உள்ள நீரின் ஒரு பகுதி நுண்ணிய பனிப்படிகங்களாகவும் மற்றொரு பகுதி உறையாத சர்க்கரைக் கரைசலாகவும் இருக்கிறது. ஆலையிலிருந்து கடைக்கு வரும் வழியிலும், மின்தடை ஏற்படும்போதும், பெட்டியை அடிக்கடி திறக்கும்போதும் வெப்பநிலை ஏறி இறங்குகிறது. ஏறும்போது சிறு படிகங்கள் உருகுகின்றன. இறங்கும்போது அந்நீர் பெரிய படிகங்களில் சென்று ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு சில முறை நிகழ்ந்தால் ஐஸ்கிரீம் நறநறவென்றாகிவிடும். நிலைப்படுத்தி, உறையாத கரைசலைக் கெட்டிப்படுத்தி நீரின் நகர்வை மட்டுப்படுத்துவதால் படிகங்களின் வளர்ச்சி குறைகிறது. இதற்குத் தேவைப்படும் நிலைப்படுத்திகளின் மொத்த அளவு, பொதுவாக எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆவடி போன்ற வெப்பமிகுந்த புறநகரில் உருகி உறையும் சுழற்சியைத் தவிர்ப்பது கடினமாதலால், இச்சேர்க்கை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கத்தக்கதன்று.

தாவரப் பசைகளைக் கொண்டு உணவின் பதத்தைக் காப்பது நம் சமையலுக்கு அயலானதும் அன்று. இட்லி மாவு பொங்கி நிற்பதற்கு உளுந்தின் புரதத்தோடு அதன் அராபினோகேலக்டன் என்னும் பசைப்பொருளும் காரணம் என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் 1970-களின் ஆய்வுகள் காட்டின. சிகர்தண்டாவில் ஊறிய பாதாம் பிசினும், விருந்துகளில் இடம்பெறும் கடற்பாசியும் இவ்வகையினவே. முன்னர்ச் சுட்டிய 412 என்னும் எண் குவார் பசையைக் குறிக்கும். அது நாம் பொரியல் செய்யும் கொத்தவரையின் விதையிலிருந்து பெறப்படுவது. அதன் உற்பத்தியில் இந்தியாவே உலகில் முதலிடம் வகிக்கிறது. எண் அயலாகத் தோன்றினும் பொருள் அயலன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

4. நலவாழ்வு குறித்த சான்றுகள்

உலக உணவு வேளாண் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் இணைந்து நடத்தும் சேர்க்கைப்பொருள் வல்லுநர் குழு, செல்லுலோஸ் வகைகளுக்கு அன்றாட உட்கொள்ளல் வரம்பு 'குறிக்கப்படவில்லை' என வகைப்படுத்தியுள்ளது. இத்தொடரை 'ஆராயப்படவில்லை' எனப் பொருள் கொள்ளுதல் கூடாது. கிடைத்த சான்றுகளின்படி நச்சுத்தன்மை மிகக் குறைவாதலால் எண் வரம்பு தேவையில்லை என்பதே அதன் பொருள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2018-இல் செல்லுலோஸ் வகைகளை மறுமதிப்பீடு செய்து இதையொத்த முடிவையே எட்டியது.

அதே வேளையில், குடல் நுண்ணுயிரிகள் பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் இம்முடிவுகளை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகின்றன. 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வொன்றில், கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் அல்லது பாலிசார்பேட்-80 கொடுக்கப்பட்ட எலிகளின் குடல் நுண்ணுயிரிகள் மாற்றமுற்றன. மென்மையான அழற்சியும் காணப்பட்டது. 2022-இல் 'கேஸ்ட்ரோஎன்டராலஜி' இதழில் வெளிவந்த ஆய்வு மனிதர்களிடம் நிகழ்த்தப்பட்டது. நலமுள்ள 16 தன்னார்வலர்களுள் 7 பேருக்கு நாளொன்றுக்கு 15 கிராம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கலந்த உணவும், 9 பேருக்கு அது கலவாத உணவும் 11 நாள்கள் வழங்கப்பட்டன. சேர்க்கைப்பொருளை உண்டோரிடம் உணவுக்குப் பின் வயிற்று அசௌகரியம் கூடியது. குடல் நுண்ணுயிரிகளின் பன்மை குறைந்தது. நலம் பயக்கும் சில வளர்சிதைப் பொருள்களும் குறைந்தன.

இவ்வாய்வை மதிப்பிடுகையில் இரு செய்திகளை ஒருங்கே கருத வேண்டும். பங்கேற்றோர் தொகை சிறிது. அளவோ பெரிது, அரை விழுக்காடு நிலைப்படுத்தி முழுவதும் இப்பொருளே எனக் கொண்டாலும், 15 கிராம் பெற 3 கிலோகிராம் ஐஸ்கிரீம் உண்ண வேண்டும். ஆனால் ஒருவர் ஒரே நாளில் பல பொட்டல உணவுகளின் வழியே பல சேர்க்கைப்பொருள்களை உண்கிறார் என்பதும், அதுவும் ஆண்டுக்கணக்கில் உண்கிறார் என்பதும் மறுக்கவியலாதவை. எனவே இவ்வாய்வு அச்சத்திற்குக் காரணமாகாது. தொடர் ஆய்வுக்குக் காரணமாகும்.

இவ்வாய்வுகள் கரையும் தன்மையுடைய, வேதிமாற்றம் பெற்ற வடிவத்தைப் பற்றியவை என்பதும் கவனத்திற்குரியது. அம்முடிவுகளை வாழைத்தண்டில் உள்ள செல்லுலோஸுக்கோ தூளாக்கிய செல்லுலோஸுக்கோ ஏற்றிக் கூறுதல் பிழை. அவ்வாறே, கீரையின் நார் நன்மை தருகிறது என்னும் சான்றைக் காட்டிக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸை நலப்பொருளாக முன்னிறுத்துவதும் பிழையே. வடிவத்தைச் சுட்டாமல் பெயரை மட்டும் சுட்டுவதால் இவ்விரு பிழைகளும் எளிதாகின்றன.

5. சட்டமும் உறைக்குறிப்பும்

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2020-இல் அறிவிக்கப்பட்ட உறைக்குறிப்பு மற்றும் காட்சிப்படுத்துதல் ஒழுங்குமுறைகளின்படி, சேர்க்கைப்பொருளின் பணிவகையோடு அதன் பெயரையோ பன்னாட்டு எண்ணையோ குறிப்பிட வேண்டும். 'அல்லது' என்னும் இச்சிறு சொல்லே பெயர் மறைந்து எண் மட்டும் நிற்க வழி செய்கிறது. அடுத்து, கட்டாயக் குறிப்புகள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்திலமைந்த இந்தியிலோ இருத்தல் வேண்டும். பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை. அதாவது தமிழ்நாட்டில் விற்கப்படும் பொட்டலத்தில் தமிழ் இடம்பெறுவது உற்பத்தியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர், தாம் உண்பது இன்னதென்று அறியச் சட்டம் உறுதி செய்யவில்லை.

நார்ச்சத்து குறித்த விளம்பரக் கூற்றுகளுக்கு 2018-இன் ஒழுங்குமுறைகள் எல்லை வகுத்துள்ளன. திட உணவு 100 கிராமில் 3 கிராம் நார் இருப்பின் அதனை நார்ச்சத்து உள்ளது எனலாம். 6 கிராம் இருப்பின் நார்ச்சத்து மிகுந்தது எனலாம். இங்குத்தான் ஒரே பொருளின் இரட்டை நிலை வெளிப்படுகிறது. பன்னாட்டு உணவு நெறிமுறைக் குழுவாகிய கோடெக்ஸ் 2009-இல் ஏற்ற வரையறை, உணவில் இயல்பாக உள்ள நாரை நார்ச்சத்தாகக் கொள்கிறது. மூலப்பொருளிலிருந்து பிரித்தெடுத்த நாரையும், அதன் உடல்நலப் பயன் சான்றுகளால் காட்டப்பட்டிருப்பின், அது ஏற்றுக்கொள்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் ஏற்ற தனிப்பிரித்த நார்களின் பட்டியலில் செல்லுலோஸ் இடம்பெற்றது. ஆகவே அதே தூள், ஓரிடத்தில் எண் தாங்கிய சேர்க்கைப்பொருளாகவும் மற்றோரிடத்தில் பெருமையுடன் அச்சிடத்தக்க நார்ச்சத்தாகவும் விளங்க முடிகிறது.

இதன் விளைவை ஓர் ஒப்பீட்டால் உணரலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையின்படி, 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார் உண்டு. முழுக்கோதுமை மாவிலும் ஏறத்தாழ அதே அளவு உண்டு. மைதாவிலும் தீட்டிய அரிசியிலும் 3 கிராமுக்கும் குறைவு. மைதாவுடன் செல்லுலோஸைச் சேர்த்து நாரின் எண்ணிக்கையைக் கேழ்வரகுக்கு நிகராக உயர்த்தலாம். ஆனால் கேழ்வரகின் சுண்ணாம்புச்சத்தோ, தவிட்டில் உள்ள பி வகை உயிர்ச்சத்துகளோ அதனுடன் வந்து சேர்வதில்லை. உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டி, பத்து வயதுக்கு மேற்பட்டோர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நாரை உண்ண வேண்டும் எனப் பரிந்துரைக்கையில், அதனை 'உணவில் இயல்பாக அமைந்த நார்' என்றே குறிப்பிடுகிறது. அவ்வடைமொழி காரணமின்றி இடப்பட்டதன்று.

சேர்க்கை எப்போது கலப்படமாகிறது என்பதற்கும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் 'முழுதும் பார்மசான்' என விற்கப்பட்ட துருவிய பாலாடைக்கட்டி ஒன்றில் பார்மசான் அறவே இல்லை என்பதும், மலிவான பிற பாலாடைக்கட்டிகளுடன் செல்லுலோஸும் கலந்திருந்தது என்பதும் கண்டறியப்பட்டன. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பாளர் 2016-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அங்குக் குற்றமாவது செல்லுலோஸ் நஞ்சு என்பதன்று. சொன்ன பொருளுக்கு மாற்றாகச் சொல்லாத பொருளை விற்றமையே.

6. சத்து, சக்கை, நார்: சொல்லாய்வு

தமிழ்ப் பேச்சுவழக்கில் 'சத்து' என்பதற்கு எதிர்ச்சொல் 'சக்கை'. கரும்பைப் பிழிந்தால் சாறு சத்து, எஞ்சுவது சக்கை, பருத்திக்கொட்டையிலும் அவ்வாறே. 'சத்தெல்லாம் போய்ச் சக்கையாகிவிட்டான்' என்னும் வழக்கும் இவ்வெதிர்வின்மீதே எழுந்தது. நார் இம்மரபில் சக்கையின் பக்கமே நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் தமிழ் புரதச்சத்து, இரும்புச்சத்து, உயிர்ச்சத்து என்னும் தொடர்களை உருவாக்கியபோது, அதே வார்ப்பில் 'நார்ச்சத்து' என்பதும் அமைந்தது. ஊட்டச்சத்தியல் நாரின் பயனை உணர்ந்த காலத்தில், சக்கையெனத் தள்ளப்பட்டதை மீட்டெடுக்க இச்சொல் பெரிதும் துணைபுரிந்தது. தவிட்டையும் தோலையும் வீணாக்காதீர் என்று அறிவுறுத்த ஏற்ற சொல்லாயிற்று. ஆயினும் இத்தொகுதியில் நார் மட்டும் இயல்பில் வேறுபட்டது. புரதமும் இரும்பும் உட்கிரகிக்கப்பட்டு உடலின் கூறாகின்றன. நாரோ உட்கிரகிக்கப்படாமையாலேயே தன் பணியைச் செய்கிறது. மலத்தின் பருமனைக் கூட்டுகிறது. நாரின் சில வகைகள் பெருங்குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றன. 'சத்து' என்னும் ஈறு இவ்வேறுபாட்டை மறைத்து, 'கூடக் கூட நல்லது' என்னும் எண்ணத்தை விதைக்கிறது. விளம்பர மொழி இதனையே பற்றிக்கொள்கிறது.

இதற்கு எதிர்வினையாக எழுந்ததே 'மரத்தூள்' என்னும் சொல். உணவில் மரத்தூள் கலக்கிறார்கள் என்னும் கூற்று கேட்போரை உடனே உலுக்கும். ஆனால் மரத்தூள் என்பது இழைப்புளியும் வாளும் உதிர்க்கும் துகள். அதில் லிக்னினும் பிசினும் பிறவும் அடங்கியுள்ளன. உணவுத்தரச் செல்லுலோஸ் அவற்றை நீக்கித் தூய்மை செய்யப்பட்டது. அதன் மூலம் பருத்தியாகவும் இருக்கலாம். மூலத்தின் பெயரால் முடிபொருளைச் சுட்டுவது, கரும்புச் சர்க்கரையைக் 'கரும்புச் சக்கை' என்பதைப் போன்ற மயக்கமாகும்.

இவ்விரு சொற்களும் விவரத்தைத் தருமுன்னரே தீர்ப்பை வழங்கிவிடுகின்றன. ஆகவே வடிவத்தைச் சுட்டும் நடுநிலைச் சொற்கள் தேவைப்படுகின்றன. தொல்காப்பியர் சொற்களைப் பகுக்கும்போது கையாண்ட இயல், திரி என்னும் அடைகள் இங்குத் துணை நிற்கின்றன. அவ்வழியில் பின்வரும் முப்பகுப்பை இக்கட்டுரை முன்மொழிகிறது.

இயல்நார்: உணவில் இயல்பாக, அதன் பிற கூறுகளோடு ஒன்றி நிற்கும் நார். கேழ்வரகு, கீரை, வாழைத்தண்டு ஆகியவற்றில் உள்ளது.

பிரிநார்: மூலத்திலிருந்து பிரித்துத் தூய்மை செய்யப்பட்டு, அடிப்படை வேதி அமைப்பு மாறாமல் சேர்க்கப்படும் நார். தூளாக்கிய செல்லுலோஸ், நுண்படிகச் செல்லுலோஸ் ஆகியன.

திரிநார்: வேதிவினையால் புதிய தொகுதிகள் இணைக்கப்பட்டு இயல்பு மாறிய நார். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், மெத்தில் செல்லுலோஸ் முதலியன.

'திரி' என்பது விளக்குத் திரியையும் குறிக்குமாதலால், பருத்தி பற்றிய பேச்சில் மயக்கம் நேருமோ எனும் ஐயம் எழலாம். திரிசொல், திரிபு என்னும் வழக்குகள் நிலைபெற்றிருப்பதாலும், 'நார்' என்னும் வருமொழி பொருளை வரையறுப்பதாலும் அம்மயக்கம் பெரிதன்று. இச்சொற்கள் ஏற்கப்படினும் மேம்பட்டவை கிடைப்பினும், மூன்று நிலைகளையும் வேறுபடுத்த மூன்று சொற்கள் வேண்டும் என்பதே இன்றியமையாத கருத்து. 'நார்ச்சத்து 6 கிராம்' என்பதற்கு மாறாக 'இயல்நார் 2 கிராம், பிரிநார் 4 கிராம்' என அச்சிடப்பட்டால், வாங்குபவர் எவருடைய விளக்கமுமின்றித் தாமே முடிவு செய்ய இயலும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

செல்லுலோஸ் நஞ்சன்று, அதனை எல்லா வடிவங்களிலும் ஒரே தன்மையதாகக் கருதுவதும் பொருந்தாது. கரையாத வடிவமும் வேதிமாற்றத்தால் கரையும் வடிவமும் குடலில் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. ஆகவே அதனை மதிப்பிடுகையில் அது எவ்வடிவில் உள்ளது, என்ன பணி செய்கிறது, எப்பொருளுக்கு மாற்றாக நிற்கிறது என்னும் மூன்று வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். ஐஸ்கிரீமில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாக நின்று படிகத்தைத் தடுப்பது ஒரு நிலை. மைதாவில் சேர்ந்து தவிட்டின் பெயரைத் தாங்குவது மற்றொரு நிலை. பாலாடைக்கட்டியின் இடத்தைக் கவர்வது முற்றிலும் வேறு நிலை.

எண்ணுடன் பெயரையும் கட்டாயமாக்குவதும், மாநில மொழியில் சேர்க்கைப்பொருள் விவரத்தை அச்சிடச் செய்வதும் சட்டத்தால் ஆக வேண்டியவை. அதற்குரிய சொற்களை ஆயத்தமாக வைத்திருப்பது தமிழாய்வாளர் கடமை. தமிழில் அச்சிடுக என்னும் கோரிக்கை ஏற்கப்படும் நாளில் அச்சிடுவதற்குத் தமிழில் தெளிவான சொல் இல்லையாயின், அக்கோரிக்கையால் பயனில்லை. உணவறிவியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் இணைந்து சேர்க்கைப்பொருள்களின் பன்னாட்டு எண் பட்டியல் முழுமைக்கும் மூலம், வடிவம், பணி ஆகியவற்றைச் சுட்டும் தமிழ்ச் சொற்றொகுதி ஒன்றை உருவாக்குவது இத்திசையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.